கேம்மேக்கரில் ஸ்விட்ச், கோடாட்டில் மேட்ச்

கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் கேம்மேக்கர் மென்பொருளின் ஜிஎம்எல் நிரல் மொழியில், எதிரிப் பாத்திரத்தின் காத்திருத்தல், துரத்துதல், தாக்குதல் ஆகிய நிலைகளை எனம் (எண்களுக்குச் சூட்டிய பெயர்களின் தொகுப்பு) பெயர்களாக வைத்துக்கொண்டு, மதிப்புக்கு ஏற்பக் கிளை பிரிக்கும் ஸ்விட்ச் கூற்றால் பிரிப்பது, இஃப்-எல்ஸ் வரிசையை நீட்டிக்கொண்டே போவதைவிடப் படிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கேஸின் (கிளையின்) முடிவிலும், அங்கேயே வெளியேறச் சொல்லும் பிரேக் இட வேண்டும். துரத்தும் கேஸில் அது விடுபட்டால், நிரல் நிற்காமல் அடுத்துள்ள தாக்கும் கேஸுக்குள் இறங்கிவிடுவதால், எதிரி ஆட்டக்காரரை நெருங்கும் முன்பே வெறும் காற்றில் வாளை வீசத் தொடங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் தொல்லை. இதே தன்மை சில இடங்களில் கைகொடுக்கவும் செய்கிறது: உறக்கம், மயக்கம் என இரண்டு கேஸ்களை அடுத்தடுத்து எழுதி, வேகத்தைப் பூஜ்ஜியமாக்கும் ஒரே வரியை இரண்டுக்கும் பொதுவாகக் கீழே வைக்கலாம்.

இதுபோன்ற இன்னொரு மென்பொருளான கோடாட்டின் ஜிடிஸ்கிரிப்ட் மொழியில் ஸ்விட்ச் கிடையாது. அதன் மேட்ச் கூற்று, பொருந்திய முதல் கிளையோடு நின்றுவிடுகிறது. எதுவும் பொருந்தாதபோது இயங்கும் டீஃபால்ட் கிளைக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு (_) போதும். எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஆயினும் மதிப்பின் தரவு வகையில் அது கண்டிப்பானது: 1 என்ற முழு எண் 1.0 உடன் பொருந்தாது என்பதால், தசம எண்ணாக வரும் மதிப்பை மேட்சுக்குள் அனுப்புமுன் இன்ட் (முழு எண்) ஆக மாற்றிக்கொள்வது நல்லது.