கூரை போன பிறகு பணம் எந்த வழியில் வரும்?

காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, பினாங்கில் நம் ஆட்கள் பலர் முதலில் ஓடுவது மாநகர் மன்றத்துக்குத்தான். தீவுப்பகுதிக்கான எம்.பி.பி.பி. ஆகட்டும், செபராங் பிறைக்கான எம்.பி.எஸ்.பி. ஆகட்டும், விழுந்த மரத்தை அறுத்து எடுப்பார்கள், அடைத்த கால்வாயைத் தோண்டுவார்கள், நனைந்த மெத்தைகளை லாரியில் அள்ளிப் போவார்கள். வீடு கட்டித் தரும் நிதி அவர்களிடம் கிடையாது. வீட்டு வரியான சுக்காய் பிந்துவை நம்பி ஓடும் மன்றம் அது. வீட்டுக்கான பணம் மாவட்ட அலுவலகம், சமூக நல இலாகாவான ஜே.கே.எம்., அவற்றுக்கு மேலே கூட்டரசின் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா என்ற வழியில்தான் வரும். மாவட்டப் பேரிடர்க் குழுவுக்குத் தலைவர் மாவட்ட அதிகாரி. கவுன்சிலரைப் பார்ப்பதில் தப்பில்லை, அவர் கொடுக்கும் கடிதம் உதவும். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் உதவி பெறுவோர் பட்டியல் மூடிவிடும்.

முதலில் வருவது பந்துவான் வாங் இஹ்சான் என்ற நிவாரண உதவித்தொகை. குடும்பத் தலைவருக்கு 1,000 வெள்ளி, முன்பு 500ஆக இருந்தது. தற்காலிக நிவாரண மையத்தில், அதாவது பி.பி.எஸ்.ஸில், பதிவு மேசையில் எழுதப்படும் பெயர்களே இதற்கு அடிப்படை. வெள்ளத்தில் இது ஓரளவு சரியாக நடக்கிறது. காற்றில் கூரை போன வீடுகளில்தான் சிக்கல். தண்ணீர் ஏறவில்லை என்பதால் யாரும் மையத்துக்குப் போவதில்லை, அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ போய்விடுகிறார்கள். பட்டியலில் பெயர் ஏறுவதில்லை. இரவு எங்கே படுத்தாலும் சரி, பகலில் போய்ப் பெயரைப் பதியுங்கள். மையமே திறக்கவில்லை என்றால் அன்றைக்கே போலீஸ் புகார் செய்து, அதன் நகலோடு மாவட்ட அலுவலகத்துக்கும் ஜே.கே.எம்.முக்கும் போங்கள். கம்பத்துத் தலைவரின் உறுதிக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரியே இருப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். செபராங் பிறையில் இதனால் தள்ளிப்போகும் மனுக்கள் அதிகம். தற்போதைய முகவரி உள்ள மின்சார பில், தண்ணீர் பில், வாடகை ஒப்பந்தம், இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். ஒரே கூரையின்கீழ் அப்பா ஒரு குடும்பம், மணமான மகன் ஒரு குடும்பம் என்று இருந்தால் பதிவு மேசையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். எல்லோரையும் ஒரே தலைவரின்கீழ் எழுதியபின் பிரித்துக் காட்டுவது பெரும்பாடு.

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தாலும் மறுபடி சொல்லத்தான் வேண்டும். வீட்டு எண் தெரிய வாசலிலிருந்து ஒன்று. சுவரில் சேற்றுக் கோடு நிற்கும் இடத்தில் அளவு டேப்பைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, எண் படிக்கக்கூடிய தூரத்தில் ஒன்று. கூரை போயிருந்தால், தகரம் பிய்ந்த இடத்தில் மரச்சட்டத்தையும், ஆணியோடு கிழிந்து நிற்கும் தகரத்தின் ஓரத்தையும் கிட்டத்தில் எடுங்கள். காற்று பிய்த்ததா, ஏற்கெனவே துருவேறிக் கிடந்ததா என்பதை அதிகாரி அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பழுதுபார்ப்புக்கு விலைப்பட்டியல் கேட்கும்போது 'கூரை வேலை மொத்தம்' என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். தகரம் எத்தனை, நீளம் என்ன, சட்டம் எத்தனை அடி, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக இருந்தால்தான் பார்வையிட வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பெரிய தொகை என்றால், 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அறிவித்த உதவித் திட்டத்தைப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு 61,000 வெள்ளி வரை என்று செய்தி வந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் 56,000 வெள்ளி வீடே இல்லாமல் போனவர்களுக்குப் புது வீடு கட்ட. மிச்சம் வாங் இஹ்சான் 1,000, அத்தியாவசியப் பொருள்களுக்கு 2,500, மின்சாதனப் பற்றுச்சீட்டு 500, வாகனப் பழுதுக்கு 1,000. சுவர் நின்று கூரை மட்டும் போனவருக்கு அந்த 56,000 பொருந்தாது. 61,000 கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது. மாநில அரசின் பணம் இதிலிருந்து தனி. 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பினாங்கு அரசு குடும்பத்துக்கு 700 வெள்ளி கொடுத்தது. அறிவிப்பு வரும்போது இரண்டுக்கும் தனித்தனியாக மனுச் செய்யவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான முட்டுக்கட்டை நிலம். புது வீடு கட்டித் தரும் திட்டங்கள் மனுதாரருக்குச் சொந்த நிலம் இருக்கிறதா, இல்லையென்றால் நிலச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி இருக்கிறதா என்று கேட்கும். தோட்ட லயத்திலும் அடுத்தவர் நிலத்துக் கம்பத்திலும் தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்திடம் இரண்டுமே இருக்காது. வீடு போனதற்குச் சான்று இருக்கும், கட்ட இடம் இருக்காது. இந்த ஓட்டையை அடைக்காமல் தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அதுவரை செய்யக்கூடியது, மழைக்காலத்துக்கு முன்பே அனுமதிக் கடிதத்துக்கு முயல்வது. கடிதத்தில் லாட் எண், கட்டலாம் என்ற சொல், சொந்தக்காரரின் அடையாள அட்டை எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். 'குடியிருக்கலாம்' என்று மட்டும் எழுதிய கடிதத்தை வைத்துக் கட்ட முடியாது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாங் இஹ்சானோடு பெரும்பாலும் கதை முடிகிறது. பழுதுபார்க்கும் பணம் வீட்டுக்காரருக்கு. நிவாரண மையமோ தண்ணீர் வடிந்ததும் மூடிவிடும். அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டும் வரையுள்ள அந்த வாரங்களுக்கென்று தனி நிதி இல்லை. அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பி.பி.ஆர். வாடகை வீடு நல்ல தீர்வுதான், கோலாலம்பூரில் மாதம் 124 வெள்ளி. ஆனால் காத்திருப்போர் வரிசை நீளம். பேரிடர் நடந்தபின் மனுப் போட்டால் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஆற்றோரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் இப்போதே மாநில வீடமைப்புப் பிரிவில் பதிந்து வைக்கலாம், பின்னால் பேரிடர்ச் சான்றை அதே மனுவில் சேர்க்கலாம்.

வங்கிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 12 மாதம் எடுக்காமல் போடாமல் கிடந்தால் கணக்கு முடங்கிவிடும், அனுப்பிய பணம் திரும்பிப் போகலாம். முடங்குவதற்கு முன்பே 10 வெள்ளி போட்டு எடுத்தால் போதும். கணக்கு குடும்பத் தலைவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், மகன் பெயரில் இருந்தால் செல்லாது.