பென்சில் செல்லில் ஓடும் ஜிபிஎஸ்: பழனி மலையில் எட்டு மாதம்

போன ஐப்பசியில் பூம்பாறைக்கு மேற்கே ஒரு புல்மேட்டில் முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். தெரியாத இடம் இல்லை, நாலு தடவை நடந்த இடம்தான். மேகம் இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நின்ற மரம்கூட மறைந்துபோனது. போனில் வரைபடம் இறக்கி வைத்திருந்தேன், சிக்னல் இல்லாவிட்டாலும் நீலப் புள்ளி நகரும் என்ற தைரியம். ஆனால் தூறலில் நனைந்த திரை என் விரலை விரலாகவே மதிக்கவில்லை. விழுகிற துளி ஒவ்வொன்றும் ஒரு விரலாகி, வரைபடம் தானாகப் பெரிதானது, சிறிதானது, கடைசியில் மதுரையில் இருக்கும் மச்சானுக்கு அழைப்பு போகப் பார்த்தது. துடைக்கலாம் என்றால் உடம்பில் காய்ந்த துணி இல்லை. 31 சதவீதம் இருந்த சார்ஜ் குளிரில் மளமளவென்று 9க்கு வந்தது. கீழே பூண்டு வயலில் யாரோ நாயை அதட்டிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எனக்கு வத்தலக்குண்டில் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலை. மோட்டார் ரோடு வருவதற்கு முன் ஊருக்கு ஊர் ஆளும் குதிரையும் நடந்த பழைய பாதைகளைத் தேடி நடந்து, எங்கே இன்னும் இருக்கிறது, எங்கே முள் மூடிவிட்டது என்று குறித்து வைப்பது பொழுதுபோக்கு. அதற்கு ஒரு கையடக்க ஜிபிஎஸ் வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

கார்த்திகை: வேட்டைக்காரர்களிடம் பாடம்

எது வாங்கலாம் என்று தேடினால், வந்து விழுந்ததெல்லாம் அமெரிக்க வேட்டைக்காரர்கள் எழுதியது. ரோட்டை விட்டு ஒரு நாள், இரண்டு நாள் நடந்து போய் எல்க் மான் தேடுகிறவர்கள். அவர்கள் கவலையே வேறு. எது அரசு நிலம், எது தனியார் நிலம் என்று வரைபடத்தில் எல்லைக்கோடு தெரிய வேண்டும், இல்லையென்றால் அத்துமீறல் வழக்கு.  எல்க் என்பது குதிரை அளவு மிருகம், அதை ஒரே நடையில் சுமந்துவர முடியாது. கூறு போட்டு, துணிப்பையில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, இடத்தைக் குறித்துவிட்டு வந்தால்தான் இரண்டாம் நடைக்குப் போய் எடுக்க முடியும். குறித்த இடம் தவறினால் இறைச்சி கரடிக்கு.

நமக்கு இது எதுவும் பொருந்தாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் மலையில் துப்பாக்கியைக் கீழே வைத்தாயிற்று. மேல்மலையின் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம். கடமானைப் பார்த்தால் போட்டோ எடுக்கலாம், அதோடு சரி. ஆனாலும் அவர்கள் எழுதியதைப் படிக்கப் படிக்க, என் ஐப்பசிக் கதையை வேறு ஊரில் வைத்துச் சொல்வது போலவே இருந்தது. விடியும் முன் இருட்டில் புறப்படுகிறார்கள், கையுறை போட்ட விரல், மழை, பனி. அதனால் அவர்கள் தொடுதிரையை நம்புவதில்லை. பட்டன் வேண்டும் என்கிறார்கள். கழற்றி மாற்றுகிற செல் வேண்டும் என்கிறார்கள். அப்புறம் ஒரு பழக்கம்: வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலை, வண்டி நிற்கும் இடத்தைக் குறிப்பது. என் தாத்தா காட்டுக்குள் போகும்போது கொப்பை ஒடித்துப் போட்டுக்கொண்டே போவார். அதே வேலைதான்.

துல்லியம் பற்றி நான் ரொம்பக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது தேவையில்லாத கவலை. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்திவிட்டது. இன்றைக்கு எந்தக் கருவியும், என் போன் உட்பட, திறந்த வெளியில் சில மீட்டருக்குள் இடம் சொல்லிவிடும். அன்று போனுக்கு நான் இருக்கும் இடம் தெரிந்துதான் இருந்தது, அதை என்னிடம் சொல்லத்தான் வழியில்லை.

கழித்துக் கட்டியவை: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வகை. அமெரிக்கர்கள் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வார்கள், ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் உதவி வரும். ஆனால் அது இரிடியம் செயற்கைக்கோளில் பேசுவது. இந்தியாவில் அரசு அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே சட்டச் சிக்கல். வாக்கிடாக்கி சேர்ந்த ரகங்களும் வேண்டாம், லைசென்ஸ் தொல்லை. சைகையை வாங்க மட்டும் செய்கிற சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு அந்த வம்பு இல்லை.

மார்கழி: ஒரு நஷ்டம்

பழையது ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். “புதுசு மாதிரி” என்றார். செல் போடும் மூடியைத் திறந்தால் உள்ளே தகடு பச்சை பூத்துக் கிடந்தது. யாரோ செல்லை உள்ளேயே விட்டு ஒழுகவிட்டிருக்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஓடியது. குலுங்கி நடந்தால் அணைந்துவிடும். ஒரு சின்ன மரப்பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை. பழையது வாங்குகிறவர்கள் திரையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் முன் அந்த மூடியைத் திறந்து பாருங்கள்.

தை: வாங்கியது

கடைசியில் போட்டி மூன்றுக்குள். கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ், ஜிபிஎஸ்மேப் 65எஸ். அறுபத்தைந்து ஒரே செயற்கைக்கோளின் சைகையை இரண்டு அலைவரிசையில் வாங்கும், பாறையில் பட்டுத் திரும்பும் போலிச் சைகையைப் பிரித்தறிய அது உதவும். பள்ளத்தாக்கில் நல்லதுதான், ஆனால் என் பட்ஜெட்டைத் தாண்டியது. மற்ற இரண்டும் அண்ணன் தம்பி: இரண்டு பென்சில் செல், கம்பெனிக் கணக்கில் 25 மணி நேரம், கைக்குள் அடங்கும் அளவு, செல்லோடு சேர்த்து 140 கிராம் சொச்சம். 32எக்ஸில் கூடுதலாக மின்னணு திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு.

அந்தத் திசைகாட்டிக்காகத்தான் 32எக்ஸை வாங்கினேன். காரணம் இது. ஜிபிஎஸ்ஸுக்கு உங்கள் இடம் தெரியும், உங்கள் முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. நடந்தால், முந்தைய புள்ளியையும் இப்போதைய புள்ளியையும் வைத்துத் திசையைக் கணக்குப் போடும். நின்றுவிட்டால் அம்பு உறைந்துவிடும், அல்லது அர்த்தமில்லாமல் ஆடும். மேகத்துக்குள் மாட்டியவன் முதலில் செய்வது என்ன? நிற்பதுதான். வீட்டு மொட்டை மாடியில் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். 32எக்ஸின் அம்பு என்னோடு திரும்பாமல் சிறுமலைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. அது போதும். ஒரு நிபந்தனை: செல் மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும், திரை சொல்கிறபடி கருவியை மூன்று விதமாகச் சுழற்ற வேண்டும். பஸ்ஸுக்குள் செய்யாதீர்கள். சுற்றிலும் இரும்பு.

மாசி: வரைபடத் தொல்லை

கருவியோடு வருகிற வரைபடத்தில் ரோடு இருக்கும், நம் ஒற்றையடிப் பாதை இருக்காது. பொதுமக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் செய்த இலவச வரைபடத்தை இறக்கி ஏற்றினேன், சமஉயரக் கோடுகளோடு. இதற்கு ஒரு சாயங்காலம் போனது.

காகித வரைபடமும் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களை இணையத்தில் பதிந்தால் இலவசமாக இறக்கலாம். கொடைக்கானல் ஊர் இருப்பது 58எஃப்/8 தாளில், அதுவும் வடகிழக்கு மூலையில். ஊரைவிட்டு வடக்கே கொஞ்சம் நகர்ந்தால் அடுத்த தாள், கிழக்கே நகர்ந்தால் இன்னொன்று. ஆக ஒரு ஊருக்கு நாலு தாள் ஒட்ட வேண்டியிருக்கிறது.

என்னிடம் பழைய தாள் ஒன்றின் ஜெராக்ஸும் உண்டு, பாதைகள் அதில்தான் நன்றாக இருக்கும். அதன் கட்டங்களைப் படித்துக் கருவியில் ஏற்றினால், புள்ளி எல்லாம் இருநூறு மீட்டர் அளவுக்குத் தள்ளி விழுந்தது. பாதை போகவேண்டிய இடத்தில் பள்ளம். கருவி கெட்டுவிட்டது என்று பயந்தேன். கெடவில்லை. பழைய தாள், 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. இரண்டு அளவுகோலுக்கும் ஆரம்பப் புள்ளியே வேறு. புதிய தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே வருகின்றன, அவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. திண்டுக்கல் நண்பர் ஒருவர் பூம்பாறைக்குத் தெற்கே ஒரு பழைய மைல்கல் இருக்கும் இடத்தை “10.14, 77.24” என்று அனுப்பினார். அப்படியே ஏற்றினேன். இருபது கிலோமீட்டர் தள்ளி, கேரளாவில் வட்டவடைப் பக்கம் போய் நின்றது. அவர் சொன்னது 10 பாகை (டிகிரி) 14 கலை (நிமிடம், பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நான் ஏற்றியது 10.14 பாகை. புள்ளி வைப்பதா, கலைக்குறி போடுவதா என்பதில் மாநிலமே மாறிவிட்டது. இப்போது யார் எண் அனுப்பினாலும் முதல் கேள்வி, “கலையா, தசமமா?”

பங்குனி: உயரம்

கொடை ரோடு ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். உயரமானியைச் சரிபார்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது, பக்கத்திலேயே டீயும் கிடைக்கும். போனில் இருந்த ஒரு ஆப், பலகையைவிடத் தொண்ணூறு மீட்டர் அளவுக்குக் குறைத்துச் சொன்னது. 32எக்ஸ் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது. ஜிபிஎஸ் முதலில் கணக்கிடுவது, வழவழவென்று கற்பனை செய்த ஒரு பூமியிலிருந்து உயரம். உண்மையான கடல்மட்டம் அப்படி வழவழப்பாக இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் கடல்மட்டத்தில் உலகத்திலேயே பெரிய பள்ளம், அந்தக் கற்பனைப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே. நாம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறோம். திருத்தம் போடாத ஆப் நம் ஊரை எல்லாம் தொண்ணூறு மீட்டர் தாழ்த்திவிடும்.

காற்றழுத்த மானியில் இன்னொரு வேடிக்கை. அமெரிக்கர்கள், அழுத்தம் இறங்கினால் புயல், இறங்கி ஓடு என்கிறார்கள். முதல் நாள் கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலுக்குள் மூன்று மில்லிபார் இறங்கியது. வெளியே சுள்ளென்று வெயில். மறுநாளும் அதே. நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும், கடல் அலை போல. மேல்மலை உயரத்தில் ஒரு மில்லிபாருக்குப் பத்து மீட்டர் என்று வைத்தால், அசையாமல் உட்கார்ந்திருப்பவன் சாயங்காலத்துக்குள் முப்பது மீட்டர் “ஏறி”விடுவான். அதனால் தெரிந்த உயரம் உள்ள இடத்தைக் கடக்கும்போதெல்லாம் சரிசெய்துகொள்கிறேன். மழை வருமா என்பதற்கு இன்னும் வானத்தைத்தான் பார்க்கிறேன்.

சித்திரை, வைகாசி: சோலைக்குள்

ஒரே பாறையை நாலு ஞாயிறு குறித்துப் பார்த்தேன். திறந்த புல்மேட்டில் இருக்கும் பாறைக்கு நாலு புள்ளியும் ஆறு மீட்டருக்குள் விழுந்தன. சோலை ஓடையோரம் இருக்கும் இன்னொன்றுக்குப் பதினெட்டு மீட்டர் வரை சிதறியது. ஈர இலையும் செங்குத்துக் கரையும் சேர்ந்தால் அப்படித்தான். பாதையைத் தேட அது போதும். இந்த மரமா அந்த மரமா என்று கேட்டால் சொல்லாது.

சாப்பிட உட்கார்ந்தபோது, நடக்கும் தடத்தைக் கருவி பதிவதை நிறுத்த மறந்தேன். அரை மணி நேரத்தில் திரையில் தேங்காய் நார்ப் பந்து மாதிரி கோடு சுற்றிக்கொண்டது. அன்று நடந்த தூரத்தில் நானூறு மீட்டர் தயிர்சாதம் சாப்பிட்ட கணக்கு.

செல் விஷயம்: ரீசார்ஜ் செல் போட்டால், மெனுவில் செல் வகையையும் மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. மாற்றாமல் விட்டால் பாதி இருக்கும்போதே காலி என்று பயமுறுத்தும். திசைகாட்டியை எப்போதும் போட்டு வைத்தால் 25 மணி நேரமெல்லாம் வராது, எனக்குப் பதினெட்டு வந்தது. இரண்டு நடைக்குத் தாராளம்.

பூம்பாறை டீக்கடையில் கருவியை மேசையில் வைத்திருந்தேன். வனத்துறை வாட்சர் ஒருவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“வாக்கிடாக்கியா சார்?”

“இல்லண்ணே, ஜிபிஎஸ்.”

“பேசுமா?”

“பேசாது. மேல இருந்து வர்றதக் கேக்க மட்டும் செய்யும்.”

“அப்ப எங்க வீட்டுக்காரரு மாதிரி” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா.

வாட்சர் சிரிக்கவில்லை. பெர்மிட் சீட்டைக் கேட்டார், காட்டினேன். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை, விளையாடவும் கூடாது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் தேடும் பாதை ஓடைக்கு இந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் என்றார். திரையில் விரலை வைத்தே காட்டினார். திரையில் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் பச்சை. போய்ப் பார்த்தால், பாசி மூடிய கல்பாவு நாற்பது அடிக்கு அப்படியே கிடந்தது. குறித்துக்கொண்டேன்.

அடுத்தது வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை. பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. நாலு செல் சார்ஜில் இருக்கிறது.