நூறு மைல், ஒரே ஆறு

பிப்ரவரி 20

லூயிவில்லில் அக்காவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ராத்திரி பதினொன்றுக்கு அத்தான் போன் பண்ணினார். விடிந்ததும் கிளம்பணும்.

பிப்ரவரி 21

சின்சினாட்டியிலிருந்து பாலத்தைத் தாண்டினாலே கென்டக்கி. கொஞ்ச தூரத்தில் ஃபிளாரன்ஸ் ஊரின் தண்ணீர்த் தொட்டி. முதலில் அதில் 'ஃபிளாரன்ஸ் மால்' என்று எழுதியிருந்தார்களாம். விளம்பரம் கூடாது என்று ஆட்சேபம் வந்ததும் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'ஃபிளாரன்ஸ் யால்' ஆக்கிவிட்டார்கள். தெற்கில் எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடுகிற சொல் அது. தொட்டியைப் பார்த்ததும் பாதி வந்துவிட்ட மாதிரி மனசு ஏமாந்துபோகிறது. அப்புறமும் எண்பத்து சொச்சம் மைல் பாக்கி.

அக்கா மெலிந்திருக்கிறாள். "சில்லி கொண்டுவந்தியா?" என்றுதான் முதலில் கேட்டாள். ஸ்பகெட்டி மேல் பட்டை மணக்கும் கறிக்குழம்பு, அதன் மேல் மலையாகச் சீஸ். மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் 1922-இல் தொடங்கிவைத்த சின்சினாட்டிச் சாப்பாடு. லூயிவில்லிலேயே அதற்குக் கடைகள் இருக்கின்றன. "இங்க இருக்கறது வேறடி" என்கிறாள். படிக்கிற காலத்தில் என் ஊரில் நாலு வருஷம் இருந்தவள். அந்த நாலு வருஷத்தைத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது.

நர்ஸ் என்னை ஹனி என்றாள். பார்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 24

வேலை முடிந்து நேராக ஒஹையோ ஆற்றங்கரைக்குப் போனேன். ரோப்ளிங் தொங்கு பாலத்துக்குக் கீழே நின்றால் மேலே வண்டிகள் போகும்போது இரும்புத் தளம் ரீங்காரமிடும். 1866-இல் திறந்தபோது உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம். புரூக்ளின் பாலம் இதற்குப் பின்னால்தான் வந்தது. இந்த ஊர்க்காரர்கள் அதை ஒருமுறையாவது சொல்லாமல் விடமாட்டார்கள். இப்போது நானும் சொல்கிறேன்.

தண்ணீர் காப்பி நிறத்தில் போகிறது. நான் நிற்கிற கரை ஒஹையோ மாநிலம், ஆறு கிட்டத்தட்ட முழுக்கக் கென்டக்கியுடையது. 1792-இல் வடகரையில் நீர் தாழ்ந்திருந்த கோடுதான் எல்லை என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நாலடி இறங்கினால் அக்கா இருக்கிற மாநிலம். இந்தத் தண்ணீர் எப்படியும் அவள் ஊருக்குத்தான் போகிறது. நான் மட்டும் திரும்பி மலை ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 25

மழை. ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 28

இரண்டு ஊரையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் போனில் அப்படித்தான் சொன்னாள்: "ரெண்டும் ஒரே மாதிரிதானே, அங்கேயே போயிடேன்." பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஒரே ஆறு, செங்கல் வீடுகள், ஜெர்மன் பெயர்கள், எதிர்க்கரையில் வேறு மாநிலம். புதிதாகப் பார்க்கிறவர்கள் எந்த ஹைஸ்கூல் என்று கேட்பதுகூட இரண்டு ஊரிலும் உண்டு. பதிலை வைத்து நம் பேட்டை, மதம், வசதி எல்லாவற்றையும் எடைபோட்டுவிடுவார்கள். எங்களிடம் எடைபோட அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, பாவம்.

ஆனால் இன்று அத்தானோடு பிக் ஃபோர் பாலத்தில் நடந்தபோது வேறாகத் தோன்றியது. லூயிவில்லில் ஆறு இடறுகிறது. ஒஹையோ ஆற்றின் 981 மைலில் இயற்கையாகவே படகுக்குத் தடை இருந்தது இங்கே மட்டும்தான். இரண்டு மைலுக்குள் 26 அடி இறக்கம், அடியில் பாறை. 1830-இல் கால்வாய் வரும்வரை பெரும்பாலும் சரக்கை இறக்கி, வண்டியில் ஏற்றி, பாறைக்கு அந்தப்பக்கம் வேறு படகில் ஏற்றினார்கள். வந்தவர்கள் நின்றார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். வழிப்போக்கர்களை நிறுத்திவைத்தே உண்டான ஊர். ஹனி என்று கூப்பிடுவது அங்கிருந்து வந்திருக்கலாம். என் ஊகம்தான். ஆனால் நம்புகிறேன்.

அந்தப் பாறையில் 39 கோடி ஆண்டுப் பழைய பவளப் படிவங்கள் இருக்கின்றன. இப்போது தண்ணீருக்கு அடியில். ஆகஸ்ட்டுக்கு மேல் தெரியும் என்றார் அத்தான். ஆகஸ்ட்டைப் பற்றி அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 2

சின்சினாட்டி மேல் கோபமாக வருகிறது. மலைக்கு ஒரு பேட்டை, பேட்டைக்கு ஒரு சர்ச், அவரவர் மலையில் அவரவர். பன்னிரண்டு வருஷமாகக் கிளிஃப்டனில் இருக்கிறேன். அழகான தெரு, இன்னும் காஸ் விளக்கு எரிகிறது. எதிர்வீட்டுக்காரர் கையசைப்பார். அவ்வளவுதான். தினமும் சென்ட்ரல் பார்க்வே வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். ரோட்டுக்குக் கீழே 1920-இல் தோண்ட ஆரம்பித்த சுரங்க ரயில் பாதை கிடக்கிறது. பணம் தீர்ந்துபோய் ஒரு ரயில்கூட ஓடவில்லை. அதற்கு முன்பு அது கால்வாய். அந்தக் கால்வாயைத்தான் இங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் ரைன் நதி என்று சொல்லிக்கொண்டார்கள். ஊரை நினைத்து ஏங்கி ஒரு வாய்க்காலுக்கு நதியின் பெயர் வைத்தவர்களின் ஊர். அப்புறம் அதை மூடி, அதற்குள் குகை தோண்டி, அதையும் மூடிவிட்டார்கள்.

மார்ச் 3

நேற்று எழுதியது அநியாயம். கதவுக்கு வெளியே ஒரு பாத்திரத்தில் சூப் இருந்தது. சீட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர், கீழே 'பாத்திரம் திரும்ப வேண்டாம்' என்று. கார் வாரவாரம் இல்லாமல் போவதைக் கவனித்திருக்கிறார். கேள்வி கேட்கவில்லை.

ஃபிண்ட்லே மார்க்கெட் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு வயதான கடைக்காரருக்குக் காது சரியாகக் கேட்காது. "ப்ளீஸ்?" என்பார். முதல் வருஷம் எதையோ கெஞ்சிக் கேட்கிறார் என்று நினைத்தேன். 'என்ன சொன்னீங்க' என்று அர்த்தமாம். ஜெர்மன் 'பிட்டெ' ஆங்கிலத்தில் ப்ளீஸ் ஆகி இந்த ஊரில் தங்கிவிட்டது. இப்போது பழைய ஆட்கள்தான் சொல்கிறார்கள். லூயிவில் போய்விட்டால் இதை யாரிடம் கேட்பேன்?

மார்ச் 6

போன் இல்லை. நான்தான் நாலு தடவை போட்டேன்.

மார்ச் 8

ராத்திரி அக்கா பக்கத்தில் நாற்காலியில். அவள் தூங்குவதில்லை, விமானம் எண்ணுகிறாள். இங்கே யுபிஎஸ் என்கிற பார்சல் கம்பெனியின் பெரிய விமானத் தளம் இருக்கிறது. ஊர் படுத்த பிறகுதான் அதற்கு வேலை. இருட்டில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரம் மாதிரி இறங்குகின்றன. விடிவதற்குள் பெட்டிகளைப் பிரித்து, அடுக்கி, மறுபடி ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் படகில், இன்றைக்கு விமானத்தில். இந்த ஊர் இறக்கி ஏற்றுவதை விடவே இல்லை.

முப்பத்தொன்று வரை எண்ணினாள். அப்புறம், "உன் ஆபீஸ்ல கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். கேட்கவில்லை.

மார்ச் 9

கேட்டுவிட்டேன். 'யோசித்துச் சொல்கிறோம்.'

மார்ச் 11

நாலு நாளாக மழை. ஆற்று மட்டத்தை மணிக்கொரு தரம் பார்க்கிறேன், முதலில் இங்கே, அப்புறம் அங்கே. இங்கே 52 அடி வந்தால் வெள்ளம். 1937 ஜனவரி 26 அன்று 80 அடியை நூலிழையில் தொடாமல் நின்றது. மறுநாள் அதே உச்சம் லூயிவில்லில். ஒரே ஒரு நாள் வித்தியாசம். இங்கே தாழ்வான பேட்டைகள் முழுகின, மற்றவர்கள் மலைமேல் இருந்தார்கள். அங்கே ஊரே தட்டை. பத்தில் ஏழு பங்கு தண்ணீருக்குள். காலி விஸ்கி பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி மிதவைப் பாலம் போட்டு ஜனங்கள் மேட்டுப் பகுதியான ஹைலாண்ட்ஸுக்கு நடந்து போனார்கள். அக்கா வீடு அங்கேதான். அந்தத் தெருவில் யார் வீட்டுத் திண்ணையில் யார் படுத்தார்களோ.

இங்கே மலை இருந்தது. அதனால் யார் வீட்டுக் கதவையும் அவ்வளவாகத் தட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கும் இதுவரை தட்ட வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 12

மட்டம் இறங்குகிறது. அக்காவுக்கு ஜுரம் இறங்கவில்லை.

மார்ச் 18

லீவு போட்டு வந்துவிட்டேன். டாக்டர் பேசினார். எழுத முடியவில்லை.

வெளியே நடந்தேன். நாலாவது தெருவும் முகமது அலி சாலையும் சேரும் முனையில் ஒரு பலகை நிற்கிறது. தாமஸ் மெர்ட்டன் என்ற துறவி கெத்செமனி மடத்திலிருந்து ஏதோ வேலையாக ஊருக்கு வந்தவர். இந்த முனையில் கடைக்குப் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவர்கள் யாருமே எனக்கு அந்நியர் இல்லை, எல்லோர் மேலும் எனக்கு அன்பு இருக்கிறது என்று திடீரெனத் தோன்றியதாம். 1958, மார்ச் 18. தேதியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன்.

ஒருவருக்கு மனசில் தோன்றிய ஒரு நினைப்புக்குத் தெருவோரத்தில் பலகை நட்டிருக்கிறார்கள். சின்சினாட்டி இதைச் செய்யுமா? செய்யாது. சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடும்.

அழுதுகொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு அம்மாள் வந்து தோளில் கை வைத்து, "யூ ஆல்ரைட், ஹனி?" என்றார். இல்லை என்று சொன்னேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 19

அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மார்ச் 20

ஆபீஸில் சரி என்றுவிட்டார்கள். மே மாதத்திலிருந்து, லூயிவில்லின் டெர்பி குதிரைப் பந்தயம் முடிந்ததும். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் பாத்திரத்தைத் துலக்கி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டார். அவர் ஜன்னலிலிருந்து மரங்களுக்கு நடுவே ஊர் முழுக்கத் தெரிகிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

மார்ச் 21

காலை ஐந்தரை. சில்லி இரண்டு டப்பா, ஐஸ் பெட்டியில். சீஸ் தனியாக. பாலத்தில் பனிமூட்டம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அத்தான் கூப்பிடுகிறார்