மூன்றாவது ஓட்டு

மார்ச் 3, 2025, திங்கள்

காலை 6.40-க்கு ஷிப்ட் சூப்பர்வைசர் போன். "தம்பி, டிஸ்பேட்ச்ல எதுவுமே ஓப்பன் ஆகல." அடித்துப் பிடித்து ஓடினேன். விஎம்களை (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் எங்கள் பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் இரண்டில் ஒன்றுக்குப் பவர் சப்ளை போயிருந்தது. சரி, அது நடக்கக்கூடியது. நன்றாக இருந்த இன்னொன்றிலும் ஒரு விஎம்கூட ஓடவில்லை. ஒரு ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை மற்றதில் தானாக எழுப்பும் எச்ஏ போட்டிருந்தேனே!

லாக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. இரண்டு ஹோஸ்டும் சேர்ந்த கிளஸ்டர்; ஆளுக்கு ஒன்றாக இரண்டே ஓட்டு. ஒன்று விழுந்தால் மிச்சமிருப்பதற்குப் பெரும்பான்மை கிடையாது. எச்ஏ ஓடும் ஹோஸ்ட் பெரும்பான்மையை இழந்தால் சுமார் 60 விநாடியில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அதை ரீபூட் செய்துவிடும். மற்றது செத்துவிட்டதா, கேபிள்தான் கழன்றதா என்று அதற்குத் தெரியாது. ஒரே விஎம் இரண்டு பக்கமும் ஓடினால் டிஸ்க் நாசம். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

செத்த ஹோஸ்டின் பவர் கேபிளை முதலில் என் கையாலேயே பிடுங்கி வைத்தேன். அதன்பிறகே ஒரு ஓட்டு போதும் என்று கட்டளை கொடுத்தேன். எல்லாம் எழ 8.05 ஆகிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

பில்லிங் அக்கா கேட்டார்: "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னுதானே தம்பி ரெண்டு மெஷின் வாங்கினோம்?" நியாயமான கேள்வி. 99.9 சதவீத நேரம் சிஸ்டம் ஓட வேண்டும் என்றாலே வருஷத்துக்கு 8 மணி 45 நிமிஷம்தான் நிற்கலாம். அதில் 85 நிமிஷம் ஒரே காலையில் போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

புது பவர் சப்ளை வந்தது. பழைய டெஸ்க்டாப் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, கியூடிவைஸாக, அதாவது விஎம் எதையும் ஓட்டாமல் ஓட்டு மட்டும் போடும் மெஷினாக, மூன்றாவது ஓட்டைக் கொடுத்தேன். அக்கவுண்ட்ஸ் அறையில், வேறு யுபிஎஸ்ஸில் இருக்கிறது. அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக வைத்திருந்தால் பழைய கதைதான்.

மார்ச் 9, ஞாயிறு

முதலில் பேக்கப்பிலிருந்து பில்லிங் விஎம்மைத் தனியாக ரீஸ்டோர் செய்து, சனிக்கிழமையின் கடைசி இன்வாய்ஸ் வரை இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். பிறகு, ஓடிக்கொண்டிருந்த ஹோஸ்டின் கேபிளை உருவினேன். கையெல்லாம் வியர்வை. விஎம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் திரையில் வரிசையாக டைம்அவுட். 2 நிமிஷம் 20 விநாடியில் விஎம் மறுபக்கம் பூட் ஆகத் தொடங்கியது. நாலாவது நிமிஷம் லாகின் திரை. எச்ஏ என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வதல்ல, புதிதாக எழுவது. சேவ் செய்யாதது போனதுதான். இதை எல்லா செக்‌ஷனுக்கும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஹோஸ்ட்களுக்குக் கர்னல் அப்டேட், ரீபூட் செய்தாக வேண்டும். இரண்டு ஹோஸ்டும் வேறு வேறு தலைமுறை சிபியு. அதனால் ஞாயிறன்றே விஎம்களுக்கு இரண்டுக்கும் பொதுவான சிபியு வகையை மாற்றி வைத்திருந்தேன். விஎம்களை நிறுத்தாமலே மறு ஹோஸ்டுக்கு நகர்த்தும் லைவ் மைக்ரேஷனைப் பட்டப்பகலில் கொடுத்தேன். ஒரே ஒரு பிங் தவறியது. பேக்கிங்கில் லேபிள் பிரிண்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.