மரவேலைக் கொட்டில்

நமது கல்லூரியின் மரவேலைக் கொட்டில் மலசலகூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அந்த இடத்தை ஒதுக்கியவருக்கு நமது ஊரின் மனது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இலங்கையில் 1972 கல்விச் சீர்திருத்தத்தோடு தொழில் முன்னிலைப் பாடம் வந்தது. எங்களுக்கு மரவேலை. உளி தீட்டவே மாஸ்டர் ஒரு மாதம் எடுத்தார். "சீவுளியை அமத்தாதை, அது தன்ரபாட்டில போகும்" என்பார். நன்றாகத் தீட்டியிருந்தால் சீவல் வெங்காயத் தோல் மாதிரிச் சுருண்டு வரும். நான் செய்த முக்காலியில் ஒரு கால் பொளிக்குள் (கால் செருகும் துளைக்குள்) ஆடியது. மாஸ்டர் ஏசவில்லை, ஒரு ஆப்புச் சீவித் தந்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். "கதிரைக்குக் கால் போடவோ உன்னைப் பள்ளிக்கூடம் விட்டனான்?" என்றார் ஐயா. டொக்டர், எஞ்சினியர் ஆசை மட்டுமல்ல, தச்சுவேலைக்கு ஒரு சாதியையும் ஒட்டிவைத்திருந்தோம். கல்லூரி மலரில் இதை எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 1977இல் ஆட்சி மாறியது. அந்தப் பாடமும் போயிற்று.

பிறகு சுவிஸ். ஒன்பதாம் வகுப்பில் மகன் "தச்சுவேலைக்கு லேற (தொழிற்பயிற்சி) செய்யப்போறன்" என்றபோது என் வாயில் வந்தது ஐயாவின் அதே வசனம்! ஒரு பட்டறையில் ஒரு கிழமை வேலை பார்த்துப் பிடித்துத்தான் கேட்கிறான். நான்கு வருடம்: கிழமையில் ஒரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் சம்பளத்தோடு பட்டறை. இங்கே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்த வழிதான். 1994இலிருந்து தொழில் மத்தூரா என்றொரு சோதனையும் உண்டு. அதை எடுத்தால் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம். அவன் இப்போது பீல் நகரில் மரப் பொறியியல் படிக்கிறான்.

ஊரிலும் கதவு திறக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் ஏழு மட்டம், ஏழாவது பட்டத்துக்குச் சமன். உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவு. 2016இலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம். ஆனால் உயர்தரம் சரிவராத பிள்ளை போகிற இடம் என்ற பேச்சு மாறவில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் கொட்டிலைத் திருத்தலாம் என்றேன். மண்டபம் என்றால் பெயர் பொறிக்கலாம் என்றார்கள்.

போன ஆடியில் மகனோடு ஊருக்குப் போனேன். முக்காலி அடுப்படியில் கிடந்தது. கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்பா, இந்த ஆப்பு ஆர் சீவினது?"