பரண் காலியாக இருக்கிறது

2019 மே மாதம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வீடு மாற்றினோம். நாலு பேர் இருக்கும் வீடுதானே, ஒரு டாட்டா ஏஸ் போதும் என்று வண்டி பேசியிருந்தோம். இரண்டு நடை அடித்தும் சாமான் தீரவில்லை. மூன்றாவது நடைக்குப் பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டிகளில் பாதி, ஆறு வருடத்துக்கு முன்னால் ஓசூரில் குடிபுகுந்தபோது ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. உள்ளே கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்கள், ஒரே மாதிரி மூன்று ஹாட் பாக்ஸ், ஓடாத ஒரு மிக்ஸி, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத சப்பாத்தி மேக்கர். இத்தனைக்கும் சேர்த்துத்தான் ஆறு வருடமாக வாடகை கட்டியிருக்கிறோம் என்று அன்று ராத்திரி பாயில் படுத்திருந்தபோது உறைத்தது.

அடுத்த இரண்டு மாதம் வேகவேகமாக வீட்டைக் காலி செய்தேன். மினிமலிசம் பற்றி வீடியோ பார்த்துப் பார்த்து, வெள்ளைச் சுவரும் ஒரு செடியும் மட்டும் இருக்கிற வீடு மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி. பழைய இரும்புக்கடைக்குக் கிலோக் கணக்கில் போனது, துணி மூட்டை மூட்டையாகப் போனது. அதோடு சேர்த்து அம்மா கொடுத்திருந்த இரண்டு மண்பானைகளையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். தீபாவளிக்கு வந்த அம்மா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புளிப்பானை எங்க கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். "சரி விடு" என்றதோடு முடித்துக்கொண்டார், ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியில்லை. கெட்டுப்போகாத பானையை வீட்டை விட்டு அனுப்பியது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அம்மா வீடு தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம். அங்கே போய்ப் பார்த்தால் பொருள் என்று எண்ண இருபது முப்பது தேறும், அவ்வளவுதான். ஆனால் ஒரு வருடத்துக்கு வேண்டிய புளி, கேழ்வரகு, கொள்ளு, மிளகாய், மாங்காய் வத்தல் எல்லாம் எப்போதும் இருக்கும். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டினாலும் எங்கள் மேட்டு நிலத்துக்கு மழையை விட்டால் கிணறுதான், அதுவும் இல்லையென்றால் ஊரில் பாதிப் பேர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த மண்ணில் கேழ்வரகு வெறும் சாப்பாட்டுத் தானியம் மட்டும் இல்லை. நன்றாகக் காயவைத்து வைத்தால் பூச்சி அண்டாமல் வருடக்கணக்கில் கிடக்கும், மழை பொய்த்த வருடத்தில் குடும்பத்தைத் தாங்கும். தின்கிறதை நிறைய வை, தின்னாததை வாங்காதே என்று அம்மா எனக்கு வாயால் சொன்னதில்லை. வீடே அப்படித்தான் இருந்தது. வீடியோக்களில் இது கிடைக்காது, ஏனென்றால் அங்கே எல்லாவற்றையும் குறைக்கச் சொல்கிறார்கள், எதைக் குறைப்பது எதைக் கூட்டுவது என்று பிரித்துச் சொல்வதில்லை.

எனக்கு அது புரிய 2020 ஊரடங்கு வர வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான். கையில் கிடைத்த பழைய நோட்டு ஒன்றில் தினமும் ராத்திரி கணக்கு எழுத ஆரம்பித்தேன், இன்று வரை நிறுத்தவில்லை. எழுதிப் பார்த்தால், பணம் போன வழி நான் நினைத்த வழியே இல்லை. தவணையில் வாங்கிய வாஷிங் மெஷின்தான் கழுத்தை நெரிக்கிறது என்று நினைத்திருந்தேன், உண்மையில் சாயங்காலம் வாங்கும் பஜ்ஜி, பப்ஸ், நடு ராத்திரியில் போனில் பார்த்து ஆர்டர் போட்ட சின்னச் சின்ன சாமான்கள், இவை சேர்ந்து மாதம் நாலாயிரத்தைத் தொட்டிருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வருவார்கள் இல்லையா, அதற்கு நடுவில் நானே வாரம் ஒரு முறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும், அதனால் சித்திரை வெயிலில் அந்த எண் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே இருப்பது நல்லது.

எல்லாவற்றிலும் கை வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பாகத் தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என் மாமா வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும், சிலருக்கு முதுகும் முட்டியும் விறைத்துப்போய்க் குனிய முடியாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். போர் தண்ணீரைக் காய்ச்சினால் போதும் என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும்தான் என்று வைத்திருக்கிறோம், வரும் நாளில் பிடித்து மூடிவைத்து, காய்ச்சிக் குடிக்கிறோம். துவைக்க, கழுவ போர் தண்ணீர். முன்பு மாதம் பத்துக் கேன் வாங்கிக்கொண்டிருந்தது நின்றுபோனது. அந்த ஒகேனக்கல் தண்ணீர் வராத ஊராக இருந்தால் கேனை நிறுத்தியிருக்க மாட்டேன், அதில் மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை. பிள்ளைகளுக்கு முட்டை, மருத்துவச் செலவு, இதிலும் அப்படித்தான்.

சாப்பாட்டில் வாரம் நாலு நாள் கேழ்வரகுக் களி. நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் கட்டையால் கிண்டி உருட்டினால் கூடவே ஒரு கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ போதும். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டுவைத்து மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ், தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம். தர்மபுரி மாவட்டத்தில் 2023-லிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தபோது அம்மா அந்தப் பையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "நம்ம கேவுருக்கு இப்பத்தான் மதிப்பு வந்திருக்கு" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. களி என்றாலே ஏழை வீட்டுச் சோறு என்று பள்ளிக்கூடத்தில் மறைத்துத் தின்ற தலைமுறை அவருடையது.

போன பங்குனியில் அம்மா இங்கே வந்திருந்தார். காவேரிப்பட்டணம் சந்தையிலிருந்து புதுப் பானை ஒன்று வாங்கிவந்தேன், எட்டுக் கிலோ புளியும். மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து, உட்கார்ந்து தட்டினோம். ஒவ்வொரு சுளையாக நாரை உருவி, கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டினால் கொட்டை பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். வேகமாகத் தட்டினால் சதையோடு நசுங்கிவிடும், அதற்கு ஒரு கை இருக்கிறது. விரல் நுனி எல்லாம் பிசுபிசுத்து, சாயங்காலத்துக்குள் நகக்கண் எரிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பானையில் ஒரு அடுக்குப் புளி, ஒரு கை கல் உப்பு, மறுபடி புளி என்று அழுத்தி அழுத்தி நிரப்பி, வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டிச் சமையலறை மூலையில் வைத்தோம். அது இருக்கிற இடத்தில் முன்பு அந்த மூன்று ஹாட் பாக்ஸ் இருந்தது.

அம்மா ஒரு படி கொட்டையை வறுத்துத் தின்ன ஊருக்கு எடுத்துப்போனார். மீதியில் நல்ல கறுப்பாகப் பார்த்துப் பொறுக்கி என் மகள் பல்லாங்குழிக்கு வைத்திருக்கிறாள். குழி தோண்டிய கட்டை எங்களிடம் இல்லை, சுண்ணாம்புக்கட்டியால் தரையில் பதினாலு வட்டம் போட்டுக்கொண்டு ஆடுகிறோம்.