மூன்றாவது பெட்டி: ரயிலிலும் பேருந்திலும் கல்லூரிக்குப் போகும் முதலாண்டு மாணவர்களுக்கு

2018-ஆம் ஆண்டு வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். அத்திப்பட்டு புதுநகரிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் தினமும் போய்வர வேண்டும். ராகிங் என்பது விடுதியில், இரவில், கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். விடுதியில் தங்கவேண்டிய தேவை இல்லாததால் அந்தக் கவலை நமக்கு இல்லை என்று அம்மாவும் நானும் நிம்மதியாக இருந்தோம். ஆனால் வடசென்னையில் என்னைப் போன்ற பலர் சீனியர்களை முதன்முதலில் சந்திப்பது வளாகத்துக்குள் அல்ல, பிளாட்பாரத்திலும் ரயில் பெட்டியிலும் பேருந்துப் படிக்கட்டிலும்தான் என்பது மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

திருவொற்றியூரில் ஏறிய நான்கு பேர் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல், "எந்த ஏரியா?" என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. ஏரியாவைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கிண்டல் எல்லாம் அதை வைத்துத்தான் வரும். அன்று அவர்களில் ஒருவர் என் சட்டைப் பையிலிருந்த சீசன் டிக்கெட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "சாயங்காலம் மூணாவது பெட்டிக்கு வா, தரேன்" என்றார். மாலையில் போனபோது, வாசல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி ஒவ்வொரு நிலையத்திலும் எங்கள் ரூட்டின், அதாவது அந்த ரயில் வழித்தடத்தில் வரும் மாணவர் கூட்டத்தின், பெயரைக் கத்தினால்தான் தருவேன் என்றார். கொருக்குப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை கத்தினேன். டிக்கெட்டைக் கொடுத்தார், மறுநாள் காலையில் மறுபடியும் எடுத்துக்கொண்டார். கையில் டிக்கெட் இல்லாமல் பரிசோதகரை நினைத்துப் பயந்தபடியே பயணம் செய்த அந்த நாட்களில், படியிலிருந்து கை நழுவிவிடுமோ என்ற பயம்கூட இரண்டாவதாகத்தான் இருந்தது.

பிறகு நான் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பதினொரு நாட்கள் வீட்டிலிருந்து வழக்கம்போலக் கிளம்பி, நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்பினேன். முதல் இன்டர்னல் தேர்வு அந்த நாட்களில்தான் நடந்து முடிந்தது. அம்மா கண்டுபிடித்தது மதிப்பெண்ணால் அல்ல, டிபன் பாக்ஸால்தான். "சோறு வச்சது வச்சபடியே வருது. காலேஜுல இன்னாடா நடக்குது?" என்று கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அம்மாவே என்னைத் துறைப் பேராசிரியை ஒருவரிடம் அழைத்துப்போனார். நான் சொல்லச் சொல்லக் கேட்டவர், "கதையா எழுதாதப்பா. தேதி, நேரம், எந்த ரயில், எந்தப் பெட்டி, அவங்க சொன்ன வார்த்தை, பக்கத்துல யார் நின்னாங்க, இதை மட்டும் எழுது" என்றார். இந்த அறிவுரையை உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். "சீனியர்கள் தொல்லை தருகிறார்கள்" என்ற ஒரு வரிப் புகாரை யாரும் எளிதாக மழுப்பிவிடலாம், "ஜூலை 3, காலை 7.50, முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி" என்று எழுதிய கடிதத்தை அப்படி மழுப்ப முடியாது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மிரட்டல் வந்தால் குழுவை விட்டு வெளியேறும் முன்பு திரையைப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

கல்லூரி அலுவலகத்தில் முதலில் கிடைத்த பதில், கேட்டுக்கு வெளியே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை, ரயில்வே போலீசிடம் போங்கள் என்பதுதான். உங்களுக்கும் இதே பதில் வரலாம் என்பதால் இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே மட்டுமன்றி வெளியே நடக்கும் ராகிங்கையும் அது தடை செய்கிறது. இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், மாணவர்கள் பயணம் செய்யும் பொது, தனியார் வாகனங்கள் அனைத்தும் தம் வரம்புக்குள் வரும் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. 2016-இல் செய்யப்பட்ட திருத்தம், சாதி, மதம், நிறம், தோற்றம், பிறந்த ஊர், வசிக்கும் இடம், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்துச் செய்யப்படும் உடல், மனத் துன்புறுத்தலையும் ராகிங் என்றே வரையறுத்தது. "எந்த ஏரியா?" என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

பேராசிரியை அந்த விதிமுறையின் அச்சுப்பிரதியில் வாகனங்கள் பற்றிய வரியைப் பென்சிலால் கோடிட்டு அலுவலக மேசையில் வைத்தார். அந்த வாரமே ராகிங் தடுப்புக் குழு கூடியது. இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். என் சீசன் டிக்கெட் நான்காக மடிந்து, ஓரம் கிழிந்து, ஒரு கவரில் திரும்பி வந்தது. வருகைப்பதிவு குறைந்துவிட்டதால் அபராதக் கட்டணம் கட்டித்தான் பருவத் தேர்வு எழுதினேன். பதினொரு நாட்கள் காத்திருக்காமல் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அந்த இன்டர்னல் மதிப்பெண்ணும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் ஆண்டு வந்ததும் என் வகுப்பிலேயே சிலர், "நாம பட்டது போல அவங்களும் படட்டும்" என்று பேசத் தொடங்கியது என்னை மிகவும் வருத்தியது. ராகிங் ஆண்டுதோறும் தொடர்வது இந்த ஒரு வாக்கியத்தால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஆறு புதுமுகங்களுக்கு ஒரு மூத்த மாணவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று அதே விதிமுறைகளில் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் அதை ரயிலிலேயே செய்து பார்த்தோம். கல்லூரி திறந்த முதல் இரண்டு வாரங்கள் மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் நிலையங்களில் ஆளுக்கு ஒருவராக நின்று, புதிதாக வந்தவர்களை எங்களோடு ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டோம். எங்கள் எண்களைக் கொடுத்தோம். பழைய நோட்டுகளையும் கொடுத்தோம். அந்த இரண்டு வாரங்களும் எங்கள் பெட்டியில் யாருடைய டிக்கெட்டும் பறிபோகவில்லை.

சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை ஜெராக்ஸ் கடையில் அவசரமாக நிரப்பிவிடாமல், வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் நாள் முழுவதும் புகார் செய்யலாம். ரயிலில் உடனடி உதவிக்கு 139, காவல்துறைக்கு 112, மனம் தாங்காமல் யாரிடமாவது பேசவேண்டும் போல இருந்தால் 14416. இந்த நான்கு எண்களையும் போனில் மட்டுமல்லாமல் ஒரு சீட்டிலும் எழுதி, சீசன் டிக்கெட் உறைக்குள் அல்ல, வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.